தில்லியில் ஓவியக் கல்வி படித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஓவியர் ஆவதைவிட ஓவிய ஆசிரியை ஆவதுதான் அவள் ஆசை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, நறுக்கிய வெண்டைக்காயைச் சாயத்தில் தோய்த்துப் பூப்பூவாக அச்சு வைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். (சாம்பாருக்குத்தான் மிஞ்சுவதில்லை.)

1850-ல் தொடங்கிய ஓவியக் கல்லூரி எழும்பூரில் இருக்கிறது, சரி. ஆனால் அவள் கேட்பது கலைக் கல்வி என்றே தனியாக உள்ள 4 வருட பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்); தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் அது உண்டு. அங்கே படித்தவர்கள் சொல்லுங்கள்: நுழைவுத் தேர்வின் வரைதல் பகுதிக்கு எப்படித் தயாரானீர்கள்? இந்தி தெரியாமல் வகுப்பில் சமாளிக்கலாமா? பெண்கள் விடுதியில் இடம் கிடைக்குமா? அப்புறம், பள்ளி வேலைக்கு பி.எட்.டும் கேட்கிறார்களா?

"படம் வரையப் பட்டமா?" என்பவர்கள் தயவுசெய்து கடந்து போகலாம். அதை வீட்டிலேயே கேட்டாயிற்று.