'நொட்டோரியஸ்' தலைமை ஆசிரியர்: ஆங்கிலச் சொல் காலை வாரிய கதை உங்களிடம் உண்டா?

நாங்குநேரிக்காரன்

1994ஆம் ஆண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் தலைமை ஆசிரியரின் பணி ஓய்வு விழாவில் ஒரு மாணவன் ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். வகுப்பில் அதிக ஆங்கிலச் சொல் தெரிந்தவன் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். அதில் பொய்யில்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்றை 'ஏ'யிலிருந்து 'ஓ' வரை நெட்டுருப் போட்டிருந்தேன். 'பி' தொடங்குவதற்குள் விழா வந்துவிட்டது.

அவர் கண்டிப்புக்குப் பேர்போனவர். அதைச் சொல்ல 'ஃபேமஸ்' என்று எழுதினேன். ஆறாம் வகுப்புப் பையன்கூட எழுதுவான் என்று தோன்றியது, அடித்தேன். என் அகராதியில் 'நொட்டோரியஸ்' என்பதற்கு நேராக 'பேர்போன' என்றுதான் இருந்தது. ஒலியிலும் ஒரு கம்பீரம். "எங்கள் தலைமை ஆசிரியர் இந்த வட்டாரம் முழுவதும் நொட்டோரியஸ்" என்று ஒலிபெருக்கியில் முழங்கினேன். ஊர்ப் பெரியவர்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஆங்கில ஆசிரியர் கண்களை மூடிக்கொண்டார்.

விழா முடிந்ததும் தலைமை ஆசிரியர் அறைக்கு அழைத்தார். அடி விழும் என்று போனால், தடிமனான ஆங்கில அகராதி ஒன்றை என் பக்கம் திருப்பி வைத்து, "சத்தமாகப் படி" என்றார். கெட்ட காரியத்துக்காகப் பலராலும் அறியப்பட்டவர் என்று பொருள் இருந்தது. அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில் எடுத்துக்காட்டு வாக்கியம். அதில் ஒரு திருடன். "எனக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைத்திருக்கிறாய், பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தத் திருடனை நான் இன்றுவரை மறக்கவில்லை. 'பி' எழுத்தைத் தொடவும் இல்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கரூர் கணக்கர்

என் கதை சிறியது. முதல் நேர்முகத் தேர்வு. குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். "மை ஃபாதர் ஹார்ட்லி வொர்க்ட் ஃபார் மை எஜுகேஷன்" என்றேன். நடுவில் இருந்தவர், "அப்படியானால் கட்டணத்தை யார் கட்டியது?" என்றார். நாற்பது வருடம் தறி ஓட்டிய மனிதரைப் பற்றித்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

தவறு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். தமிழில் 'கடினம்' என்றால் 'ஆக' சேர்த்துக் 'கடினமாக' என்று ஆக்கிவிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். 'ஸ்லோ' என்றால் 'ஸ்லோலி' என்பதும் அப்படியே நடந்துகொண்டது. 'ஹார்ட்' மட்டும் வாலை ஒட்டியதும் 'அரிதாக, ஏறக்குறைய இல்லவே இல்லை' என்று ஆளே மாறிவிட்டது. வேலை கிடைக்கவில்லை. காரணம் அந்தச் சொல் மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற வாத்தியார்

34 வருடம் ஆங்கிலம் நடத்தியவன். நாங்குநேரித் தம்பி, உங்கள் சிறிய அகராதியின் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். தமிழில் 'பேர்போன' என்பதே இருபக்கமும் வெட்டும் சொல். அல்வாவுக்கும் பேர்போன ஊர் உண்டு, அடிதடிக்கும் பேர்போன ஊர் உண்டு. எந்தப் பக்கம் வெட்டுகிறது என்பது நமக்கு வாக்கியத்தில் தெரிந்துவிடுகிறது. உங்கள் அகராதி வாக்கியத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகளிடம் நான் கோழியைத்தான் இழுப்பேன். "கோழிக்கன்று என்று சொல்வாயா?" என்றால் வகுப்பே சிரிக்கும். பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு. தொல்காப்பியத்தின் மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்கள் ஒன்பதும், எது எந்த உயிருக்கு உரியது என்பதும் வரிசையாக உண்டு. நம் பிள்ளைகள் அதைப் படித்தா பேசுகிறார்கள்? கேட்ட வாக்கியங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தை அப்படிக் காதால் கேட்டு வளராத பிள்ளைக்கு எடுத்துக்காட்டு வாக்கியம்தான் பாட்டி, அத்தை, தெரு எல்லாம்.

என் வகுப்பில் தீராத ஒரு வழக்கு இருந்தது. 'கிவ் மீ' சரி, 'டெல் மீ' சரி, 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' மட்டும் ஏன் தவறு ஐயா? தமிழில் மூன்றுக்கும் 'எனக்கு'தானே? பையன் கேட்டது நியாயம். காரணம் சொல்லத் தொடங்கினால் மணி அடித்துவிடும். 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்று வாக்கியமாகவே மூன்று முறை எழுது என்பேன். விளக்கத்தைவிட அது வேலை செய்தது.

இந்தத் தலைவலி தெரிந்தவர்கள்தான் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிகளைச் செய்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். எந்த வினைச்சொல் வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று காட்டும் அவருடைய அகராதி 1942இல் டோக்கியோவில்தான் முதலில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபடி பதிப்பித்தது. அவருக்கு முன்பே மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் வங்காளப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவர். அவரும் எண்டிகாட்டும் 1935இல் கொண்டுவந்த அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் 1,490 சொற்களை மட்டுமே வைத்துப் பொருள் சொன்னது. ஒரு சொல்லின் பொருளைப் பார்க்கப் போய், பொருளில் இருக்கும் சொல்லுக்குப் பொருள் தேடி, அங்கிருந்து இன்னொன்றுக்கு ஓடி, கடைசியில் எதற்காகப் புத்தகத்தைத் திறந்தோம் என்பதே மறந்துபோன அனுபவம் உங்களுக்கு உண்டுதானே? அதற்குத்தான் அந்த மருந்து.

பர்மிங்காமில் 1987இல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே போய்ப் பொருளையே முழு வாக்கியமாகச் சொன்னது. 'நீங்கள் ஒருவரை இப்படிச் செய்தால்...' என்று பக்கத்து வீட்டுக்காரர் போல ஆரம்பிக்கும். எடுத்துக்காட்டுகளும் மேசையில் உட்கார்ந்து புனைந்தவை அல்ல, மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய ஆங்கிலத்திலிருந்து எடுத்தவை. சிலருக்கு அது வளவளவென்று படும். எனக்குப் பிடிக்கும்.

சமையல்கட்டு

எல்லாரும் ஆங்கிலப் பொருளுக்கே மாலை போடுகிறீர்கள். ஒரு மறுப்பு. சமையல் குறிப்பு ஒன்றில் 'க்யூமின்' என்று இருந்தது. ஆங்கில அகராதி, 'மசாலாவாகப் பயன்படும் ஒரு செடியின் உலர்ந்த விதை' என்றது. என் அஞ்சறைப் பெட்டியில் அப்படி நான்கு இருக்கின்றன! எடுத்துக்காட்டு வாக்கியமும் 'க்யூமின் சேர்க்கவும்' என்றே உபதேசித்தது. பையனின் தமிழ் அகராதியில் ஒரே சொல்: சீரகம். முடிந்தது. மரம், செடி, மீன், பருப்புக்கெல்லாம் தமிழ்ச் சொல்தான் வேண்டும், ஐயா.

ஓய்வு பெற்ற வாத்தியார்

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. மீனுக்கு நான் வாதாடவே மாட்டேன்.

வடக்கு வார்டு செவிலி

நாகர்கோவில்தான் ஊர். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். இங்கே வருவதற்காக மருத்துவ ஆங்கிலத் தேர்வு எழுதினேன். 'ஹைப்பர்டென்ஷன்', 'டிஸ்ப்னியா' எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நோயாளிகள் அந்தச் சொற்களில் பேசுவதில்லை என்பதுதான் வந்த பிறகு தெரிந்தது.

இரண்டாவது வாரம். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், "ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன், லவ்" என்றார். 'ஃபன்னி' என்றதும் ஏதோ வேடிக்கை சொல்ல வருகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலருகே நின்ற மூத்த செவிலி ஓடிவந்து இரத்த அழுத்தம் பார்த்தார். பாட்டிக்குத் தலை சுற்றிக் கண் இருட்டியிருக்கிறது. அதைத்தான் இங்கே 'ஃபன்னி டர்ன்' என்கிறார்கள். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் சிரித்துக்கொண்டு நின்ற அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு. சொல், பொருள், கேட்ட வாக்கியம், சொன்னவர் கிழவரா இளைஞரா, சிரித்தபடி சொன்னாரா முனகினாரா என்பது வரை எழுதுவேன். பெயர் மட்டும் எழுதமாட்டேன். 'ஸ்பெண்ட் எ பென்னி' என்று ஒருவர் கேட்டபோது அலமாரியில் அவருடைய பணப்பையைத் தேடினேன். கழிப்பறைக்குப் போக வேண்டுமாம். முன்பு பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி நாணயம் போட்டால்தான் திறக்குமாம், அங்கிருந்து வந்த பேச்சு. இதை வயதானவர்கள்தான் சொல்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் இருபது வயதுப் பெண்ணிடம் நான் சொல்லிப் பார்த்தேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

'பூர்லி' இன்னொன்று. 'ஷி இஸ் பூர்லி' என்றால் ஏழை என்று அர்த்தமில்லை, உடம்பு சரியில்லை. குறிப்பேட்டில் இப்போது மூன்றாவது புத்தகம் ஓடுகிறது.

கரூர் கணக்கர்

சகோதரி, நாளைக்கு எனக்கு விடுப்பு வேண்டும். மேனேஜருக்கு 'ஐ ஆம் பூர்லி' என்று எழுதலாமா? புதிதாகக் கற்றதைப் பயன்படுத்த வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது.

வடக்கு வார்டு செவிலி

வேண்டாம் அண்ணா. உங்கள் மேனேஜர் சம்பள உயர்வு கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். 'அன்வெல்' என்றே எழுதுங்கள்.