பதில்: 'ஷெக்கினா'வுக்குத் தமிழில் என்ன எழுதலாம்?

> பாட்டில் 'ஷெக்கினா மகிமை' என்று பாடுகிறோம். அதென்ன என்று பிள்ளைகள் கேட்டால் 'பெரிய வெளிச்சம்' என்று சொல்லிச் சமாளிக்கிறேன். ஞாயிறு பள்ளிக் குறிப்பேட்டின் சொற்பட்டியலில் என்ன போடுவது?

டீச்சரம்மா, ஸ்தோத்திரம்.

வெளிச்சம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஷெக்கினா என்ற பெயர்ச்சொல் வேதாகமத்தில் எங்கும் இல்லை. பிற்காலத்து யூத ரபீக்கள் வழங்கியது. அதன் வேருக்குத் 'தங்கு, குடியிரு' என்பதுதான் பொருள். யாத்திராகமம் 25:8இல் "அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண" என்று வருகிறதே, அங்கே எபிரெயத்தில் இருப்பது அந்த வேர்தான். வனாந்தரத்தில் ஆராதனைக்காக எழுப்பிய ஆசரிப்புக் கூடாரத்தின் எபிரெயப் பெயரான 'மிஷ்கான்' கூட அதிலிருந்து வந்ததே. கூடாரத்தின்மேல் தெரிந்த மேகமும் அக்கினியும் அப்புறம். முதலில் தேவன் ஜனங்களோடு வந்து தங்குகிறார். நம் சொல்லில் அந்தத் தங்குதல் இல்லாவிட்டால், கேட்க எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

இந்த இழையில் மோல்மேன் ஊர்த் தம்பி 'வாசமகிமை' என்று போட்டிருந்தார். பழைய மொழிபெயர்ப்போடு ஒட்டிவரும், சரி. ஆனால் வாசம் என்றதும் நம் பிள்ளைகள் மல்லிகைப் பூவுக்குப் போய்விடுவார்கள். 'ஒளிமாட்சி' என்றால் மறுபடியும் வெளிச்சம்தான். நான் 'உறைமகிமை' என்கிறேன். "வானுறையும் தெய்வத்துள்" என்று ஐம்பதாவது குறளிலேயே உறைதல் தெய்வத்தோடு சேர்ந்து வருகிறது. அங்கே தெய்வம் உறைவது வானத்தில். யாத்திராகமத்தில் வனாந்தரத்தில், ஆட்டுமயிர்த் திரை போட்ட கூடாரத்தில்.

ரங்கூனில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல் தேவைப்படத் தனிக் காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் தமிழில் பாடினாலும் பள்ளியிலும் தெருவிலும் பேசுவது பர்மியம். அமெரிக்க மிஷனெரி ஜட்சன் 1834இல் மோல்மேனில் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமத்தில் மகிமைக்கு வரும் சொல் 'போன்' (கையில் வைத்திருக்கும் போன் அல்ல, அது வேறு). பௌத்தர்கள் நடுவில் அதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் ஊறிப்போயிருக்கிறது: முற்பிறவிப் புண்ணியத்தால் ஒருவருக்கு வாய்க்கும் வலிமையும் மதிப்பும். நாம் 'பொங்கி' என்று சொல்லும் பிக்குவின் பெயரே 'பெரிய போன் உடையவர்' என்பதுதான். ஆண்களுக்கு அது பிறப்பிலேயே உண்டு, பெண்கள் இடுப்பில் கட்டும் கைலியான தமெய்னுக்கு அடியில் நடந்தால் குறைந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. கொடியில் தமெய்ன் காய்ந்தால் ஆம்பிளைகள் சுற்றிக்கொண்டு போவார்கள். 2021 மார்ச்சில் ராணுவ ஆட்சியை எதிர்த்த பெண்கள் தெருவுக்குக் குறுக்கே தமெய்ன்களைக் கட்டித் தொங்கவிட்டுச் சிப்பாய்களைத் தயங்க வைத்தது இதை வைத்துத்தான். கெட்டிக்காரிகள்.

என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, "அண்ணே, அப்போ தேவனுடைய போன் எங்கள் பக்கம் வராதா?" என்று கேட்டாள். மாற்கு 5ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டோடு (இரத்தப்போக்கோடு) இருந்த ஸ்திரீ கூட்டத்தில் நுழைந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். நியாயப்பிரமாணத்தின்படி தீட்டு அவருக்கு ஒட்டியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்: அவள் சுகமாகிறாள், அவர் "மகளே" என்று கூப்பிடுகிறார். தொட்டால் குறைந்துபோகிற மகிமை அல்ல அது. யோவான் 1:14ஐயும் சேர்த்துப் படித்தோம்: "நமக்குள்ளே வாசம்பண்ணினார், அவருடைய மகிமையைக் கண்டோம்." அங்கே கிரேக்கத்தில் இருப்பது 'கூடாரம் போட்டார்' என்கிற வினை.

எசேக்கியேலையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். 10, 11ஆம் அதிகாரங்களில் மகிமை எருசலேம் ஆலயத்தை விட்டுப் புறப்படுகிறது. ஆனால் முதல் அதிகாரத்திலேயே அது சிறைப்பட்டவர்கள் நடுவில், பாபிலோன் தேசத்துக் கேபார் நதியோரத்தில் தெரிந்துவிட்டது. இஸ்ரவேலர் எங்கே நாடுகடத்தப்பட்டாலும் ஷெக்கினா கூடவே போனது என்று ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூதும் சொல்கிறது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள், 1964இல் கடைகள் அரசுடைமையானபோது கப்பல் ஏறியவர்கள், போகாமல் இங்கேயே தங்கியவர்கள் என்று சிதறிய நம் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

> மகிமை கோயிலில் இருக்கட்டும் அண்ணே. திங்கட்கிழமை கடை திறக்கிறவனுக்கு அதில் என்ன?

தம்பி, உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது. மகிமைக்கு எபிரெயச் சொல் 'கவோத்'; வேர்ப்பொருள் பாரம். தமிழில் 'கனம்' எடையையும் மதிப்பையும் சேர்த்துச் சொல்கிறது அல்லவா, அதே மாதிரி. "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளையிலும் எபிரெயத்தில் அதே வேர்தான். "புசித்தாலும், குடித்தாலும், எதைச் செய்தாலும்" தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள் என்று பவுல் எழுதியது (1 கொரிந்தியர் 10:31) சந்தையில் வாங்கும் இறைச்சியைப் பற்றிய பேச்சின் முடிவில். நீங்கள் கடையில் பர்மிய எடையான விஸ் கணக்கில்தானே பருப்பு நிறுக்கிறீர்கள்? விஸ் நம்முடைய வீசைதான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. ஒரு விஸ் கேட்டவருக்கு ஒரு விஸ் முழுதாக விழுந்தால், கடையில் அன்று தேவனுக்குரிய கனம் அவருக்குப் போய்ச் சேர்கிறது. தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உரக்கப் பாடி அதை ஈடுகட்ட முடியாது.

---

> உறை என்றால் தலையணை உறை, உறைமோர், உறைபனி எல்லாம் வருமே? எங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் யோவான் 1:14 "நம்மிடையே குடிகொண்டார்" என்று இருக்கிறது. 'குடிகொள் மாட்சி' என்று வைத்தால் என்ன?

அண்ணே, குடிகொண்டார் அருமையான சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வியாதியும் குடிகொள்கிறது, வறுமையும் குடிகொள்கிறது. தலையணை உறையைப் பற்றிப் பயமில்லை, 'உறைவிடம்' என்ற சொல்லை யாரும் தலையணையாக நினைப்பதில்லை. மகிமையா மாட்சியா என்பதில் நான் சண்டைக்கு வரமாட்டேன். எங்கள் குறிப்பேட்டில் உறைமகிமை, உங்கள் மறைக்கல்விப் புத்தகத்தில் உறைமாட்சி. முன்பாதி ஒன்றாக இருந்தால் போதும். சொற்பட்டியலில் இப்படிப் போடலாம்:

உறைமகிமை: தேவன் தம் ஜனங்கள் நடுவில் வந்து தங்குவதால் அங்கே விளங்கும் மகிமை. காண்க: யாத். 40:34, எசே. 1, யோவா. 1:14.

---

> உறைமாட்சிக்குச் சம்மதம் தம்பி. 'விளங்கும்' என்பதை மட்டும் 'உணரப்படும்' என்று மாற்றுங்கள், எல்லா இடத்திலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாட்டை மாற்றச் சொல்லி யாரும் கிளம்ப வேண்டாம், ராகம் இடிக்கும்.

மாற்றிவிட்டேன். பாட்டு அப்படியே இருக்கட்டும். டீச்சரம்மா, அடுத்து 'கேருபீன்' (செட்டைகளுள்ள வானோர்) பாக்கி இருக்கிறது. அதைத் தனி இழையில் ஆரம்பியுங்கள்.