ஓசூர் வாடகை வீட்டில் கீழ்வீட்டு சிகரெட் புகை, ராத்திரிப் பாட்டுச் சத்தம்: என்ன செய்யலாம்?

பாகலூர் ரோடு வாடகைக்காரி

வணக்கம். ஓசூரில் பாகலூர் ரோடு பக்கம் மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம், வந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஓனர் கிருஷ்ணகிரியில் இருக்கிறார். மாதம் பிறந்தால் வாடகைக்குப் போன் வரும், மற்றபடி கட்டடத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

பிரச்சினை நேர் கீழ் வீடு. ஜூலையில் மூன்று பையன்கள் குடிவந்தார்கள், மூவருக்கும் கம்பெனி வேலை, ஒருவர் தென்காசிப் பக்கம், இரண்டு பேர் ஒடிசா. மரியாதையான பையன்கள்தான், படியில் பார்த்தால் ஒதுங்கி வழி விடுவார்கள். ஆனால் ராத்திரி பத்தே முக்கால், பதினொன்றுக்கு வந்ததும் பாட்டு ஆரம்பித்துவிடும். வார்த்தை எதுவும் காதில் விழாது, தம் தம் என்று அந்த அடி மட்டும் சுவர் வழியாகக் கட்டில் வரைக்கும் வரும். என் வீட்டுக்காரர் முதல் ஷிஃப்ட் வாரத்தில் நாலரைக்கு எழுந்து ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். தூக்கமில்லாமல் மெஷின் முன்னால் நிற்கிறாரே என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

அதைவிடப் பெரிது புகை. பாத்ரூமிலும் பால்கனியிலும் நின்று பிடிக்கிறார்கள். கட்டடத்தில் கீழிருந்து மேல்வரை குழாய்கள் போகிற சந்து, அதாவது டக்ட், ஒன்று இருக்கிறது. அவர்கள் பாத்ரூம் வென்டிலேட்டர் திறக்கிற அந்த டக்டில்தான் எங்களுடையதும் திறக்கிறது. மாமியாருக்கு வீசிங், குளிர் ஆரம்பித்ததிலிருந்து இன்ஹேலர் இல்லாமல் ஒரு ராத்திரி போவதில்லை. ஜன்னலையெல்லாம் அடைத்துப் பார்த்தோம், அப்போதும் வருகிறது. சமைக்கும்போது இன்னும் அதிகமாக வருகிறது, அது எப்படி என்றுதான் புரியவில்லை.

ஓனரிடம் இரண்டு முறை சொன்னேன். "பேச்சிலர் பசங்க அப்படித்தாம்மா இருப்பாங்க, நீங்களே பேசிக்குங்க" என்றார். வீட்டுக்காரர் போலீஸில் சொல்லிவிடலாம் என்கிறார். எனக்குப் பயம், தினமும் அதே படியில்தானே ஏறி இறங்க வேண்டும். வேறு வீடு போகலாம் என்றால் பையனுக்குப் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கிறது. இந்த மாதிரி மாட்டி வெளியே வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

தர்மபுரி நாலு ரோடு

அக்கா, சமைக்கும்போது புகை அதிகம் என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. நான் தர்மபுரியில் ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுகிற வேலை செய்கிறேன். குளிருக்கு ஜன்னல், கதவு எல்லாம் அடைத்துவிட்டுச் சமையலறையில் எக்ஸாஸ்டைப் போடுகிறீர்கள். அது காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த அளவுக்கு எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தே ஆக வேண்டும். திறந்திருக்கிற ஒரே வழி பாத்ரூம் வென்டிலேட்டர், அதற்குப் பின்னால் டக்ட், அதில் கீழ்வீட்டுப் புகை. உங்கள் ஃபேனே அதை வீட்டுக்குள் இழுத்துப் போடுகிறது. சமைக்கும்போது சமையலறை ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள், பாத்ரூம் கதவைச் சாத்துங்கள், கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பாத்ரூம் வென்டிலேட்டரில் டக்ட் பக்கம் தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன எக்ஸாஸ்ட் மாட்டி, அவர்கள் வீட்டில் இருக்கிற நேரத்தில் ஓடவிட்டால் இன்னும் நல்லது, அந்த ஓட்டை வழியாகப் புகை திரும்பாது. மாடிக்கு மேல் மாடி போகிற டக்ட் எல்லாமே அடுப்புப் புகைக்கூண்டு மாதிரிதான், சூடான காற்று மேலேதான் ஏறும், கீழே பிடித்தால் மேல்வீட்டுக்குத்தான் தண்டனை.

ஆனால் இது வருகிற அளவைக் குறைக்கும், அவ்வளவுதான். வீசிங் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் புகையும் ஆகாது. அடுத்தவர் பிடிக்கிற புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதனால் பையன்களிடம் பேசாமல் முடியாது.

செகண்ட் ஷிஃப்ட்

அக்கா, நானும் ஓசூரில் அப்படி ஒரு ரூமில் மூன்று பேரோடு இருக்கிறவன்தான், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் ஷிஃப்ட் பத்து மணிக்கு விட்டு, பஸ் ஏறி, ரூமுக்கு வந்து சேர்கிறவனுக்கு அந்தப் பதினொரு மணிதான் சாயங்காலம். சமைப்போம், பாட்டுப் போடுவோம், ஊருக்குப் பேசுவோம். மேலே ஒருவர் நாலரைக்கு எழுந்திருப்பார் என்கிற நினைப்பே சத்தியமாக வராது, யாராவது வந்து சொல்கிற வரைக்கும்.

எங்களுக்கு மேல்வீட்டு அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். ராத்திரி சண்டைக்கு வரவில்லை, அதுதான் முக்கியம். ராத்திரி வந்து கதவைத் தட்டினால் நண்பர்கள் முன்னால் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தோன்றாது. அவர் தன் மகனுடைய ஷிஃப்ட் எந்த வாரம் எது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், நாங்கள் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டோம். ஸ்பீக்கர் தரையில் சுவரோடு ஒட்டி இருந்தது, அதைத் தள்ளி ஒரு பழைய மெத்தைத் துண்டின் மேல் வைத்தோம். அந்த தம் தம் சத்தம் காற்றில் வருவதைவிடச் சுவரிலும் தளத்திலும்தான் அதிகம் ஏறுகிறது, கதவைச் சாத்தினாலும் நிற்காது. பத்து மணிக்கு மேல் ஹெட்போன்.

சிகரெட்டுக்கு ஒன்று கேட்கிறேன், உங்கள் கட்டடத்தில் மொட்டை மாடி திறந்திருக்கிறதா? நிறைய ஓனர்கள் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ராத்திரி பதினொன்றுக்கு ரோட்டில் நின்று பிடிக்க முடியாது, வேறு இடமில்லாமல்தான் பாத்ரூமுக்குள் போகிறோம். மாடியைத் திறந்துவிடச் சொல்லுங்கள். விட வேண்டும் என்று நினைக்கிற பையனாக இருந்தால், பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு இலவச எண் போட்டிருக்கிறது, நான் அதில் பேசித்தான் குறைத்திருக்கிறேன்.

ஒடிசா பையன்களுக்குத் தமிழ் வரவில்லை என்றால் தென்காசிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே திட்டு வாங்குவார்கள்.

ராயக்கோட்டை ரோடு ஓனர்

கிருஷ்ணகிரியில் ஆறு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். உங்கள் ஓனர் சொன்னது சரியில்லை அம்மா. வாடகை வாங்குகிறவன் வீட்டை மட்டும் கொடுக்கவில்லை, அதில் நிம்மதியாக இருக்கிற உரிமையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறான். நான் அக்ரிமென்ட்டிலேயே பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, பாத்ரூமிலும் படியிலும் புகை பிடிக்கக் கூடாது என்று எழுதி வாங்குகிறேன். சொல்லிவிட்டு வாங்கினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. குடிவந்த பிறகு சொன்னால்தான் சண்டை.

அவரிடம் இனி போனில் பேசாதீர்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று இரண்டு வாரம் குறித்து, டாக்டர் சீட்டுப் படத்தோடு வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள். எழுத்தில் வந்தால் எந்த ஓனரும் யோசிப்பார்.

ஒரு எச்சரிக்கை. சில ஓனர்கள் பேச்சிலர்களைத் துரத்தத் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்துவார்கள். அது சட்டப்படி தப்பு, நாளைக்கு உங்களுக்கும் அதையே செய்வார்கள். அதற்கு நீங்கள் உடன்படாதீர்கள்.

கோர்ட் வாசல்

போலீஸ் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், நான் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் ராத்திரி என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45. தனியார் இடத்தில் போடுகிற பாட்டு அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அதனால் உங்கள் வீட்டுக்காரர் அவசர உதவி எண் 112க்குப் போன் செய்ய இடம் இருக்கிறது. போனில் இருக்கிற டெசிபல் ஆப் ஒரு தோராயம்தான், ஆதாரமாக நம்பாதீர்கள்.

புகைக்கு வழி அவ்வளவு நேராக இல்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் பொது இடத்தில் பிடிப்பதைத் தடுக்கிறது, 200 ரூபாய் வரை அபராதம். ஒருவர் தன் வீட்டுக்குள் பிடிப்பதை அது தொடாது. பொதுத் தொல்லை என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 270, 292 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன, 1000 ரூபாய் வரை அபராதம், ஆனால் அக்கம்பக்கத்தார் பொதுவாகப் பாதிக்கப்பட வேண்டும், ஒரு வீடு மட்டும் சொன்னால் நிற்பது கஷ்டம். மூன்றாவது மாடிக்கும் அதே டக்ட்தானே, அவர்களையும் கேளுங்கள்.

உண்மையில் பலம் ஓனர் கையில்தான். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதை நோட்டீஸ் கொடுத்த பிறகும் வாடகைதாரர் நிறுத்தாவிட்டால், காலி செய்யச் சொல்லி ஓனர் வாடகை நீதிமன்றம் போகலாம். அதே சட்டத்தில், அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்றும் பாருங்கள்.

பாகலூர் ரோடு வாடகைக்காரி

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஃபேன். தர்மபுரித் தம்பி சொன்னது அப்படியே உண்மை. சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து, பாத்ரூம் கதவுக்கு அடியில் பட்டை ஒட்டிய அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. இத்தனை மாதம் நானே மாமியாருக்குப் புகையை இழுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்சம் பாயசம் எடுத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் கீழே போனோம். மாமியார் இன்ஹேலரையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்களுக்கு அவர் இருப்பதே தெரியாது, அவர் படி இறங்குவதில்லை. தென்காசித் தம்பி முகம் மாறிவிட்டது, தன் ஆச்சிக்கும் இதே வீசிங் என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி அவரும் ஒன்று சொன்னார். காலையில் ஆறரைக்கு நான் கிரைண்டர் போடுகிறேன், தரையில்தான் வைத்திருக்கிறேன், அவர்கள் படுப்பதே இரண்டு மணிக்கு. ஆறு மாதமாக என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இப்போது அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, மாவு அரைப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டேன்.

ராத்திரிப் பாட்டுச் சத்தம் நின்றுவிட்டது, இரண்டு நாள் மட்டும் தவறியது, வாட்ஸப்பில் சொன்னதும் நிறுத்தினார்கள். பாத்ரூமில் பிடிப்பதில்லை. பால்கனியில் இன்னும் நடக்கிறது, மொட்டை மாடி பூட்டித்தான் இருக்கிறது. ஓனருக்கு எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி அனுப்பினேன், மூன்றாவது மாடிக்காரர்களும் தனியாக அனுப்பினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாவியோடு வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.

செகண்ட் ஷிஃப்ட்

அக்கா, சாவி வந்ததும் மாடியில் ஒரு வாளியில் மணல் போட்டு வைக்கச் சொல்லுங்கள். துண்டு சிகரெட் தண்ணீர்க் குழாயில் போய் அடைத்தால் ஓனர் அடுத்த வாரமே திரும்பப் பூட்டிவிடுவார்.