புதுப்பிப்பு: முதுகில் வந்த திட்டுகள் தேமல்தான்

முதுகிலும் தோளிலும் வெளிறிய திட்டுகள் பரவுவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். வெண்புள்ளியாக இருக்குமோ என்று சிலரும், சத்துக் குறைவு என்று சிலரும் சொன்னீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டியாயிற்று. தேமல்.

மருத்துவர் முதலில் ஒரு திட்டை லேசாகச் சுரண்டினார். மாவு மாதிரி செதில் உதிர்ந்தது. வெண்புள்ளியில் செதில் வராது, நிறமும் பால் வெள்ளையாக இருக்கும். அப்புறம் அந்தச் செதிலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். குட்டை இழைகளும் உருண்டைகளும் கலந்து தெரிந்தால் அது மலாசீசியா என்ற பூஞ்சை. இது எல்லார் தோலிலும் இருப்பதுதான். எண்ணெய்ப் பசை, வியர்வை, புழுக்கம் சேர்ந்தால் பெருகிவிடும். ஒட்டுவாரொட்டி இல்லை. என் துண்டைத் தனியாக ஒதுக்கி வைத்த அத்தையிடமும் இதைச் சொல்லியாயிற்று!

மருந்து, 2% கீட்டோகோனசோல் ஷாம்பு. தலைக்கு இல்லை, உடம்புக்கு. தடவி 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். ரொம்பப் பரவியிருந்தால் இட்ராகோனசோல் அல்லது ஃபுளூகோனசோல் மாத்திரை தருவார்களாம். கீட்டோகோனசோலையே மாத்திரையாக விழுங்குவது வேறு கதை. கல்லீரலைப் பாதிக்கும் என்று 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதை நிறுத்தப் பரிந்துரைத்தது. படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரையும் தேமலுக்குப் பலிக்காது.

இப்போது செதில் நின்றுவிட்டது, வெளிறல் மட்டும் அப்படியே இருக்கிறது. பூஞ்சை செத்தாலும் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகுமாம். வெயில் காலத்தில் மறுபடி வரக்கூடும் என்பதால் மாதம் ஒரு தடவை அதே ஷாம்புவைப் போடச் சொல்லியிருக்கிறார்.