அன்பியத்தில் பிடி அரிசி: நடத்துவது எப்படி?

கேட்டவர்: செக்காலைக்காரன்
காரைக்குடியில் எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழு) 22 குடும்பங்கள். மாதம் ஒரு கூட்டம். வாசகம், செபம், டீ, அத்தோடு கலைகிறோம். தெருவில் கஷ்டப்படும் வீடுகளுக்கு, எந்த மதமானாலும், பிடி அரிசி (சமைக்கும்போது தினமும் ஒரு பிடி எடுத்து வைப்பது) சேர்த்துக் கொடுக்கலாம் என்று பேச்சு. தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு) தொடங்கினால் பாஸ்காவோடு, அதாவது ஈஸ்டரோடு, நின்றுவிடுகிறது. நின்றுபோகாமல் நடத்த என்ன செய்யணும்?

தேவகோட்டை ரஸ்தா:
தவக்காலத்தில் தொடங்காதீர்கள் சகோ. அது நாற்பது நாள் முயற்சியாகவே மனதில் பதிந்துவிடும். ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கும்போது தொடங்குங்கள். பல வீடுகளில் கை இறுகுவது அப்போதுதான்.

கணக்கு: ஒரு பிடி சுமார் 40 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் 1.2 கிலோ. 22 வீடும் வராது, 16 வரும். ஆக 19 கிலோ. அதை மூன்று வீட்டுக்கு ஆறாறு கிலோவாகப் பிரித்து, மூன்று மாதம் அதே வீடுகளுக்குக் கொடுங்கள். பத்து வீட்டுக்கு இரண்டிரண்டு கிலோ கொடுத்தால் படம் எடுக்கத்தான் நன்றாக இருக்கும், உலை கொதிக்காது.

அரிசியைக் களைவதற்கு முன், உலர்ந்த கையால் எடுக்கணும். களைந்த பிறகு ஈரக்கையோடு அள்ளிப் போடுவதால்தான் டப்பா அடியில் பூஞ்சை பிடிக்கிறது. இரண்டு துண்டு வசம்பு போட்டு வைத்தால் வண்டு அண்டாது.

இன்னொன்று: புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி மூன்றையும் ஒரே சாக்கில் கொட்டிவிடுவார்கள். உலையில் பச்சரிசி குழையும்போது புழுங்கல் விதையாக நிற்கும். வாங்குகிறவர் வாய் திறக்கமாட்டார், அரிசி கோழிக்குப் போகும். மூன்று சாக்கு வையுங்கள். ரேஷன் அரிசி கொண்டுவருகிறவரை முகம் சுளிக்க வேண்டாம். அதை மாவரைக்கிற வீட்டுக்குக் கொடுக்கலாம்.

வளவு மேரி:
அண்ணன் சொன்னது சரி. பங்கீட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். பைபிளில் திருத்தூதர் பணிகள் 6-ல் முதல் சபையிலேயே, கிரேக்கம் பேசிய கைம்பெண்களைப் பந்தியில் கவனிக்கவில்லை என்று முணுமுணுப்பு வந்தது. அதற்குத்தான் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்களும் இரண்டு வேறு குடும்பத்து ஆட்களிடம் தராசையும் நோட்டையும் கொடுங்கள். நோட்டில் எடை மட்டும். வாங்குகிறவர் பெயர் வேண்டாம்.

பையில் செபப் புத்தகமோ துண்டுப்பிரசுரமோ வைக்கவே கூடாது. வைத்தால் அரிசிக்கு விலை போட்டதாகத்தான் அடுத்த வீட்டார் நினைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. அவர்களே செபிக்கக் கேட்டால் செபியுங்கள்.

பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் ஆச்சிமாரை மறக்க வேண்டாம். அரிசி அவர்களுக்குத் தேவைப்படாது, ஆள்தான் தேவை. அந்த வீடுகள் பல இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் தட்டினால் அடுப்படிக்குக் கேட்காது. பின்தெருக் கதவைத் தட்டுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், இருபது நிமிடம். மாத்திரை அட்டையில் எத்தனை தீர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பது தெரிந்துவிடும்.

கானாடுகாத்தான் தம்பி:
கூட்டத்துப் பலகாரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். ஒரு வீட்டில் கேக், அடுத்த வீட்டில் பஜ்ஜி, கேசரி என்று ஏறிக்கொண்டே போனால் கூலி வேலைக் குடும்பம் தன் முறை வரும்போது "வீட்டில் இடமில்லை" என்றுவிடும். சுண்டலும் டீயும் மட்டும் என்று எழுதியே வைத்துவிடுங்கள். 15 பேருக்கு அரைக் கிலோ கொண்டைக்கடலை போதும். முதல் நாள் இரவே ஊறப்போடணும்.

செக்காலைக்காரன்:
நன்றி. சேர்த்து வைக்க மண்பானையா, எவர்சில்வரா?

தேவகோட்டை ரஸ்தா:
எவர்சில்வர் தூக்குவாளி, மூடி இறுக்கமாக இருக்கணும். மண்பானை ஐப்பசி மழையில் ஈரம் இழுக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் அரிசி டப்பாவோடு ஒட்டியே வைக்கச் சொல்லுங்கள். பரணில் ஏறினால் மறந்துபோகும்.