அதிகமாகக் கருகிய இடமே தீ தொடங்கிய இடம் ஆகுமா?

கேள்வி

நான் தடய அறிவியல் மாணவன். எரிந்த அறையில் எந்த இடம் மிக ஆழமாகக் கருகியிருக்கிறதோ, அங்கேதான் நெருப்பு நெடுநேரம் எரிந்திருக்கும், ஆகவே அதுவே தீ தொடங்கிய இடம் என்று சில பழைய குறிப்புகளில் படித்தேன். பயிற்சிக்காகக் காட்டப்பட்ட ஒரு படத்தில் வாசலை ஒட்டிய மரத்தரை ஓட்டை விழும் அளவுக்கு எரிந்திருந்தது. ஆனால் அவ்விடத்தில் மின்கருவியோ அடுப்போ எதுவும் இல்லை. எனவே யாரோ பெட்ரோல் ஊற்றியிருக்க வேண்டும் என்று முடிவு செய்வது முறையாகுமா? எதிர்ச்சுவரின் அருகே முனை உருகிய மின்கம்பி ஒன்றும் கிடந்தது. அதை எவ்வாறு பொருள்கொள்வது?

பதில் 1

அந்தப் பழைய விதி, தீ ஒரு மூலையோடு நின்றுவிட்ட அறைக்கு ஓரளவு பொருந்தும். அறை முழுவதும் பற்றிக்கொண்ட பிறகு பொருந்தாது. மேற்கூரையின் கீழே தேங்கும் புகைப்படலம் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அதன் வெப்பக்கதிர் கீழிறங்கி, தீ தொடாத பொருள்களையும் சில நொடிகளில் பற்றவைத்துவிடுகிறது. இதைத்தான் ஃபிளாஷ்ஓவர் என்கிறோம். அதற்குப் பின் எரிபொருளுக்குப் பஞ்சம் இருக்காது, பஞ்சம் ஆக்சிஜனுக்குத்தான். ஆகவே காற்று எந்த வழியாக நுழைகிறதோ, அதாவது திறந்த வாசலுக்கும் உடைந்த ஜன்னலுக்கும் அருகிலும், அவற்றுக்கு நேரெதிரே காற்று மோதும் சுவரிலும், எரிதல் மிகக் கடுமையாக நடக்கும். உங்கள் படத்தில் வாசலோரத் தரை துளைபட்டதற்கு இதுவே போதுமான விளக்கமாக இருக்கக்கூடும்.

இது வெறும் கோட்பாடு அன்று. 2005 இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு பயிற்சியில், ஃபிளாஷ்ஓவருக்குப் பின்னும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைக்கப்பட்ட இரண்டு அறைகளைப் புலனாய்வாளர்கள் 53 பேரிடம் காட்டி, அறையின் நான்கு கால்பகுதிகளில் தீ எதில் தொடங்கியது என்று மட்டும் கேட்டார்கள். ஒவ்வோர் அறைக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூவரே. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலே நால்வரில் ஒருவர் சரியாகச் சொல்லியிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பதில் 2

முந்தைய பதிலோடு முழுமையாக உடன்படுகிறேன். பெட்ரோல் ஊற்றிய தடம் என்று கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தால் மனித உயிர்களே பணயமாகின என்பதால், இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1990 இல் புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் ஆறு பேர் இறந்த ஒரு வீட்டுத் தீயில், தரையில் காணப்பட்ட தடங்களை வைத்துக் குடும்பத் தலைவர்மீது கொலைக் குற்றம் சாட்டினார்கள். பிறகு, அதே அமைப்புடைய அருகிலிருந்த வீட்டில் சோபாவுக்கு மட்டும் தீவைத்துச் சோதித்தபோது, எந்த எரிதிரவமும் இல்லாமலேயே ஐந்து நிமிடத்துக்குள் ஃபிளாஷ்ஓவர் ஏற்பட்டு, அவ்வகைத் தடங்களே தரையில் பதிந்தன. வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் 1991 இல் டெக்சாஸின் கோர்சிகானாவில் நிகழ்ந்த தீ தொடர்பாகத் தண்டிக்கப்பட்டவருக்கு, இத்தகைய தடங்களும் சாட்சியமாக வைக்கப்பட்ட நிலையில், 2004 இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது.

கண்ணாடியில் வலைபோல விழும் நுண்விரிசலும் இப்படிப்பட்ட ஒன்றே. எரிதிரவத்தால் மிக வேகமாகச் சூடேறியதன் அடையாளம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. சூடான கண்ணாடிமீது அணைப்புத் தண்ணீர் படுவதால்தான் அது உண்டாகிறது என்பதைச் சோதனைகள் காட்டின.

பதில் 3

மின்கம்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செம்பு 1085 டிகிரியில் உருகும். முற்றிப்போன தீயிலும் அவ்வெப்பம் எட்டப்படுவதுண்டு. ஆகவே முதலில், கம்பி தீயின் வெப்பத்தால் உருகியதா, மின்பொறியால் (மின்சாரம் இடைவெளியைத் தாவும்போது எழும் தீப்பொறியால்) உருகியதா என்று பிரித்தறிய வேண்டும். பொறியால் உருகியிருந்தால் மணிபோன்ற முனைக்கும் உருகாத பகுதிக்கும் இடையே தெளிவான எல்லை தெரியும். வெப்பத்தால் உருகியிருந்தால் கம்பி நீளவாக்கில் இளகி, மெலிந்து, வழிந்திருக்கும். மின்பொறிதான் என்று உறுதியானாலும், அதுவே தீக்குக் காரணம் ஆகிவிடாது. தீ வந்து உறையை எரித்தபோது அக்கம்பியில் மின்சாரம் இருந்தது என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. மின்சாரம், அடுப்பு, சிகரெட் என எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டால், மிஞ்சுவது தீவைப்பு மட்டும்தானே?

பதில் 1

இல்லை. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1992 இல் முதன்முதலாக வெளியிட்ட 921 ஆம் எண் வழிகாட்டி, தன் 2011 பதிப்பில் இந்த முறையை வெளிப்படையாகவே நிராகரித்தது. ஒன்றை விலக்க ஆதாரம் வேண்டும் என்பதுபோலவே, ஒன்றை நிறுவவும் நேரடி ஆதாரம் வேண்டும். அதிலும், தொடங்கிய இடத்தையே தவறாகக் குறித்திருந்தால், அங்கே காரணம் எதுவும் அகப்படாததில் வியப்பில்லை. ஆதாரம் போதாதபோது "காரணம் தீர்மானிக்கப்படவில்லை" என்று எழுதுவது குறைபாடு ஆகாது.

பெட்ரோல் ஐயம் இருந்தால் அதை ஆய்வகமே தீர்க்க வேண்டும். எரிந்த தரையின் மாதிரியைக் காற்றுப்புகாத புதிய உலோக டப்பாவில் அடைத்து, அதே தரையின் வேறொரு பகுதியிலிருந்து ஒப்பீட்டு மாதிரியும் எடுத்து அனுப்புங்கள். செயற்கை இழைக் கம்பளங்கள் எரியும்போதே ஹைட்ரோகார்பன்கள் வெளியாவதால் ஒப்பீடு இன்றியமையாதது. தீயணைப்புக் குழு பெட்ரோலில் இயங்கும் விசிறியையோ ரம்பத்தையோ அங்கே பயன்படுத்தியதா என்றும் கேளுங்கள். உங்கள் படத்துக்கு இவற்றோடு இன்னும் மூன்று விவரங்கள் தேவை: வாசற்கதவு எப்போது திறக்கப்பட்டது, முதலில் பார்த்தவர் எந்தத் திறப்பில் சுடரைக் கண்டார், அறை முழுதும் பற்றிய பின் எவ்வளவு நேரம் எரிந்தது.