வரிசைப்படுத்திய பின் பார்டர் கோடுகள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன

கேள்வி:
எக்செலில் உள்ள ஒரு பொருட்பட்டியலில், ஒவ்வொரு பிரிவும் முடியும் வரிசையின் அடியில் தடித்த கோடு இட்டிருந்தேன். புதிய பொருள்களைக் கடைசியில் சேர்த்து, பிரிவு வாரியாக மறுபடியும் வரிசைப்படுத்தியபோது, எழுத்துகளும் செல்களின் நிறமும் சரியாக நகர்ந்தன. கோடுகளோ நகராமல், இப்போது பிரிவுகளின் நடுவே குறுக்காக ஓடுகின்றன. கோடும் பிரிவோடு சேர்ந்து நகர வழி உண்டா? மேலும், திரையில் தெரியும் மெல்லிய கட்டங்கள் அச்சில் வருவதேயில்லை.

மறுமொழி 1:
வரிசைப்படுத்தும்போது எக்செல் பார்டர்களைத் தொடுவதில்லை. அவற்றையும் நகர்த்தினால் அட்டவணையைச் சுற்றியுள்ள சட்டம் சிதறிவிடும் என்பதால், இது நியாயமான ஏற்பாடு என்றே கருதுகிறேன். கையால் இட்ட கோடுகளை நீக்கிவிட்டு, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் (நிபந்தனை பொருந்தும் செல்களுக்கு மட்டும் நிறம், கோடு போன்றவற்றைத் தானாகத் தரும் வசதி) சூத்திரத்தின் அடிப்படையில் ஒரு விதி அமைத்துக்கொள்ளுங்கள். தலைப்பை விட்டு இரண்டாம் வரிசையிலிருந்து பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, சமக்குறிக்குப் பின் பிரிவின் பெயர் உள்ள இரண்டாம் வரிசைச் செல், அடுத்து <> குறி (சமமில்லை என்று பொருள்), அதன்பின் அதே நெடுவரிசையின் மூன்றாம் வரிசைச் செல் என்று சூத்திரத்தை எழுத வேண்டும். டாலர் குறி நெடுவரிசை எழுத்தின் முன் மட்டுமே வர வேண்டும். வரிசை எண்ணின் முன்னும் இட்டுவிட்டால், எல்லா வரிசைகளும் அதே இரண்டு செல்களையே ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். பிறகு பார்டர் பகுதியில் அடிக்கோட்டைத் தேர்ந்தெடுங்கள். பிரிவின் பெயர் மாறும் இடத்தில் கோடு தானாகவே விழும். கடைசி வரிசைக்குக் கீழே வெற்றுச் செல் இருப்பதால் அங்கும் கோடு வரும். விலை வாரியாக வரிசைப்படுத்தினால் மட்டும் ஏறக்குறைய ஒவ்வொரு வரிசைக்கும் கோடு விழக்கூடும்.

மறுமொழி 2:
மேலே சொன்ன விதியில் மெல்லிய கோடுகளே கிடைக்கும். தடித்த கோடும் இரட்டைக் கோடும் எக்செலில் அங்கே தரப்படவில்லை. எனவே அடர்ந்த நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கோட்டின் வகையையும் நிறத்தையும் முதலில் தேர்ந்தெடுத்த பின்னரே ஓரத்தைச் சொடுக்க வேண்டும். இந்த வரிசைமுறையை மாற்றிச் செய்துவிட்டு நிறம் மாறவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம். தடித்த கோடுதான் வேண்டுமென்றால் லிப்ரே ஆஃபிஸ் கால்க் உதவும், ஏனெனில் அங்கே விதியானது ஒரு செல் ஸ்டைலையே (நிறம், கோடு முதலியவற்றைச் சேர்த்துப் பெயரிட்டு வைத்த வடிவமைப்பு) பயன்படுத்துகிறது. கூகுள் ஷீட்ஸின் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் பார்டர் வசதியே இல்லை.

மறுமொழி 3:
அச்சில் வராத அந்தக் கட்டங்கள் பார்டர்கள் அல்ல, செல்களைப் பிரித்துக் காட்ட எக்செல் தானாகவே திரையில் காட்டும் கிரிட்லைன்கள். பேஜ் லேஅவுட் பட்டியில் கிரிட்லைன்ஸ் என்பதன் கீழுள்ள பிரிண்ட் பெட்டியில் குறியிட்டால் அச்சிலும் வரும். செல்லுக்கு வெள்ளை நிறம் நிரப்பினால்கூடத் திரையில் அவை மறைந்துவிடும் என்பதால், பிறருக்கு அனுப்பும் அட்டவணைக்கு வெளிர்சாம்பல் பார்டர் இடுவதையே நான் விரும்புவேன்.

கேள்வி கேட்டவர்:
விதி சரியாக வேலை செய்கிறது, நன்றி. வேறொரு தாளிலிருந்து வரிசைகளை ஒட்டும்போது அங்குள்ள பார்டர்களும் கூடவே வருகின்றனவே?

மறுமொழி 1:
பேஸ்ட் ஸ்பெஷலில் ‘பார்டர் தவிர அனைத்தும்’ என்ற தெரிவு இருக்கிறது. நிறமும் எழுத்துருவும் தேவையில்லை என்றால், மதிப்புகளை மட்டும் ஒட்டுங்கள்.